மருமகள் பார்க்காத வாய்

அத்தியாயம் ஒன்பது

தலையணை உறையை மற்றத் துணிகளோடு சேர்த்துப் போடக் கூடாது என்பது அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே நடந்து வந்த சட்டம். மாஸ்டரம்மா அதைத் தனியாக எடுத்துப் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பச்சைத் தண்ணீரில் ஊற வைத்துத் தேய்ப்பாள். பொட்டுப் பொட்டாகக் காய்ந்து கிடக்கும் ரத்தக் கறை லேசில் போகாது. விரல் நுனி சுருங்கிப் போகும்வரை தேய்த்த பிறகு, வெளியே வெயிலில் போடாமல் படுக்கையறை ஜன்னல் கம்பியில், திரைக்குப் பின்னால் காயப் போடுவாள்.

இத்தனை பாடும் மருமகள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது என்பதற்காக.

மருமகள் என்ன வேலை பார்க்கிறாள் தெரியுமா? ஈறு டாக்டர். சிரிக்க வேண்டாம். ஊரில் உள்ளவர்களெல்லாம் டோக்கன் போட்டு, மணிக்கணக்கில் காத்திருந்து அவளிடம் வாயைக் காட்டிவிட்டுப் போகிறார்கள். சொந்த மாமனாரின் வாயை மட்டும் அவள் இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருவோம். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி பழகியவர்கள் இன்று ஊரில் பாதிப் பேர். ரோட்டு விதிகளையும் சிக்னல் குறிகளையும் சொல்லிக் கொடுப்பது அவர் மனைவியின் பொறுப்பு, அதனால் அவள் எல்லோருக்கும் மாஸ்டரம்மா. போன மாதம் ஒரு மாணவிக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் மூச்சு முட்டிச் சாய்ந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளை காலை அட்மிஷன். மறுநாள் ஆபரேஷன். வெளியூரில் வேலையாக இருக்கும் மகன் இன்று சாயங்காலம் ரயில் ஏறுகிறான்.

இது வரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாஸ்டரம்மாவுக்கு மட்டும் தெரிந்த கதை ஒன்று இருக்கிறது.

போன வாரம் இதய டாக்டரின் அறையில், அவர் எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே வந்து, "பல்லு, ஈறு எல்லாம் காட்டிட்டீங்களா? ஆபரேஷனுக்கு முன்னாடி அது கட்டாயம்" என்று கேட்டார். மாஸ்டர் சட்டென்று சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். மாஸ்டரம்மா முந்திக்கொண்டாள்.

"எங்க மருமகளே ஈறு டாக்டர்தான் சார்."

டாக்டர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்னம்மா! வீட்டுக்குள்ளயே டாக்டர். நான் கேட்டதே தப்பு" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நியாயமாகப் பார்த்தால் அவள் பொய்யே சொல்லவில்லை. மருமகள் ஈறு டாக்டர் என்பது சத்தியமான வார்த்தை. ஆனால் அந்தச் சத்தியமான வார்த்தை அன்றிலிருந்து அவள் வயிற்றில் ஜீரணமாகாமல் கிடக்கிறது.

மருமகள் விசாரிக்காமலும் இல்லை. "மாமா, பல்லைக் காட்டணுமே" என்று ஆரம்பித்தவளை மாஸ்டர் முடிக்க விடவில்லை. "நம்ம பழைய டாக்டர் இருக்காரே, அவர்கிட்ட காட்டிட்டேன்மா. பிரமாதமா இருக்குன்னுட்டார்" என்றார். இது சுத்தப் பொய். அந்தப் பழைய டாக்டர் கிளினிக்கை மூடிக்கொண்டு மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாகிறது.

ஒரு வாயைக் காட்டுவதற்கு இத்தனை அடம் ஏன்?

அதற்குக் காரணம் மருமகள் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாஸ்டர் ஏதோ ஜோக் அடித்துவிட்டு, தன் ஜோக்குக்குத் தானே வாய்விட்டுச் சிரித்தார். எதிரில் உட்கார்ந்திருந்த புதுப் பெண்ணும் சிரித்தாள். ஆனால் அவள் பார்வை அவர் கண்ணில் நிற்கவில்லை. கொஞ்சம் இறங்கி, அவர் வாயில் போய் நின்றது. ஒரு நொடிதான். மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். உதடு தானாக மூடிக்கொண்டது. அன்றையிலிருந்து மருமகள் இருக்கும் அறையில் அவர் சிரித்தால் கை வாய்க்குப் போய்விடும். சிரிப்பும் வரவரக் குறைந்துபோனது. நாற்பது வருஷமாக வாயாடியாகத் தெரிந்த மனுஷன், சொந்த வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவதைப் பார்க்க மாஸ்டரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஆனாலும் அவர் கேட்டுக்கொண்டபடி தலையணை உறையைத் தனியாகத் துவைத்தாள்.

இன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாஸ்டர் எந்த போனையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். பாலில் ஊறிய ரொட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "சொல்லும்மா" என்றார்.

நர்ஸ் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். மோதிரம், வாட்ச் வேண்டாம். மாத்திரைகளை அப்படியே எடுத்து வரவேண்டும். கூட ஒருவர் தங்கலாம்.

"கட்டின பல்லு, ஆடுற பல்லு ஏதாவது இருக்கா சார்? மயக்கம் கொடுக்கிறப்ப தொண்டைக்குள்ள போயிடக் கூடாது, அதான் கேட்கிறேன்."

"ஒண்ணும் கிடையாதும்மா. எல்லாம் கல்லு மாதிரி இருக்கு."

மாஸ்டரம்மா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். கீழ் வரிசையில் இரண்டு பற்கள் ஆடுகின்றன. அதனால்தான் ரொட்டி பாலில் ஊறுகிறது. போனை வைத்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க, ரெண்டு பல்லு ஆடுதே?"

"ஆடினா என்ன? விழலையே."

"மயக்கத்துல இருக்கும்போது உள்ள போயிட்டா?"

"அதெல்லாம் போகாது. நீ கொஞ்சம் வாயை மூடு."

"என் வாயை மூடிட்டா உங்க வாய் சரியாயிடுமா?"

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது. வீட்டில் யாராவது வேகமாகப் போனால் அவர் கால் இல்லாத பிரேக்கைத் தேடும். முப்பது வருஷப் பழக்கம்.

"இங்க பாரு. நெஞ்சுல இருக்கிற கோளாறு நெஞ்சோட. வாயில இருக்கிறது வாயோட. நடுவுல ஒரு முழம் இருக்கு. நெஞ்சை முதல்ல முடிப்போம். வாயை அப்புறம் பார்த்துக்கலாம்."

இந்த ஒரு முழக் கணக்கை அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இன்று தொண்டைக்குள் போகிற பல்லை நினைத்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். செருப்பை மாட்டும்போதே கால் எந்தப் பக்கம் போகப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

* * *

மருமகளின் கிளினிக் மாடியில் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

"அம்மா, நீங்க நேரா உள்ள போங்க."

"வேண்டாம்மா. எனக்கு ஒரு டோக்கன் கொடு. வரிசையிலயே வர்றேன்."

அதற்குக் காரணம் இருந்தது. மாமியாராக உள்ளே போனால், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று வழிந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவாள். தன்னைத் தெரியாதா அவளுக்கு? டோக்கன் வாங்கிவிட்டால் பேசியே ஆகவேண்டும்.

கன்னம் வீங்கிய ஒருவருக்கும், செல்போனில் முகம் புதைத்திருந்த ஒரு பெண்ணுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். எதிர்ச் சுவரில் ஒரு பெரிய படம். திறந்த வாய் ஒன்று, சிவந்த ஈறு. அதிலிருந்து ஓர் அம்புக்குறி கீழே இறங்கி ஒரு இதயத்தில் போய் முடிந்தது. இந்தக் கிளினிக்கின் திறப்பு நாளிலேயே இந்தப் படத்தை அவள் பார்த்திருக்கிறாள், அழகாக ஃபிரேம் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அம்புக்குறி கண்ணில் பட்டது. அம்புக்குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் வழி இருக்கிறது என்று அர்த்தம். எத்தனை ஆயிரம் பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்!

உள்ளே போனபோது மருமகள் கை கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள் முகமூடியை இறக்கினாள்.

"அத்தை! நீங்களா டோக்கன்? என்ன, பல்லு வலியா? காலையில சொல்லியிருக்கலாமே."

"எனக்கு ஒண்ணுமில்லம்மா." சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாஸ்டரம்மா, கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். "நான் ஒண்ணு சொல்லணும். முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாதே. பேசினா அழுதுடுவேன்."

சொன்னாள். பழைய டாக்டர் என்று யாரும் இல்லை என்பதைச் சொன்னாள். தலையணை உறை, ஆடும் பற்கள், பாலில் ஊறும் ரொட்டி, இதய டாக்டரிடம் தான் உதிர்த்த சத்தியமான வார்த்தை, வாயைப் பற்றி ஒன்று விடாமல் கொட்டிவிட்டாள்.

மருமகள் குறுக்கே பேசவில்லை.

"ரத்தம் எத்தனை நாளா வருது அத்தை?"

"நாளா? வருஷக்கணக்கா."

"சீழ்?"

"அப்பப்ப கொப்புளம் மாதிரி ஒண்ணு வரும். உப்புத் தண்ணியில கொப்பளிப்பார். போயிடும்."

"திரும்ப வரும்."

"வரும்."

"நாளைக்கு அட்மிஷன் அத்தை!" மருமகளின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "நாளைக்கு!"

வெளியே காத்திருந்தவர்களின் பேச்சுச் சத்தம்கூட நின்றுவிட்டது. மருமகள் குரலைத் தணித்துக்கொண்டு, சக்கர ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சுக்கும் வாய்க்கும் நடுவுல ஒரு முழம் இருக்குன்னு அவர் சொல்றார்" என்றாள் மாஸ்டரம்மா, தயங்கித் தயங்கி.

"இருக்கட்டுமே. ரெண்டு இடத்துக்கும் ஓடுறது ஒரே ரத்தம்தானே? ஈறு புண்ணா இருந்தா, மெல்லுறப்ப, பல்லு தேய்க்கிறப்ப, அங்க இருக்கிற கிருமி ரத்தத்துல கலக்கும். நல்ல உடம்பு அதைச் சமாளிச்சுடும். ஆனா மாமாவுக்குப் புதுசா ஒரு வால்வு வைக்கப் போறாங்க. அதுமேல போய்க் கிருமி உட்கார்ந்துட்டா, அதைக் கிளப்புறது ரொம்பக் கஷ்டம் அத்தை. உயிருக்கே ஆபத்து. அதுக்குத்தான் முதல்ல வாயைச் சுத்தம் பண்ணிட்டு வாங்கன்னு சொல்றாங்க. சடங்குக்காக இல்ல."

மாஸ்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆபரேஷனை நிறுத்திடாதேம்மா. நாலு படி ஏறினா அவருக்கு மூச்சு இழுக்குது. பக்கத்துல படுத்திருக்கிற எனக்குத்தான் தெரியும்."

"நிறுத்துங்கன்னு நான் சொல்லல. பார்க்காம நடக்கக் கூடாதுன்னு சொல்றேன். என்கிட்ட கூச்சமா இருந்தா, இங்க என்கூட வேலை பார்க்கிற டாக்டரைப் பார்க்கச் சொல்லலாம். இன்னைக்குப் பார்த்து அவர் லீவு." ஒரு நிமிஷம் யோசித்தாள். "நானே வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு போன்."

இதய டாக்டர் உடனே எடுத்தார். பக்கத்தில் இருந்ததால் அவர் குரல் மாஸ்டரம்மாவுக்கும் கேட்டது.

"என்ன சொல்றீங்க? நீங்க பார்த்தாச்சுன்னு இல்ல நான் நினைச்சுட்டிருக்கேன்? நீங்க பார்க்கவே இல்லையா?"

மாஸ்டரம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இதோ, இப்போது தன் தலை உருளப்போகிறது.

"இல்ல சார். நான் பார்க்கல. பார்த்திருக்கணும். என் தப்புதான்" என்றாள் மருமகள்.

அந்த முனையிலிருந்து கொஞ்சம் காரமாகவே இரண்டு வார்த்தை வந்தது. மருமகள் அதை வாங்கிக்கொண்டாள். மாமியாரைக் காட்டிக் கொடுக்கவில்லை. 'ஊரிலுள்ள மாமியார்களெல்லாம் மருமகளைப் பற்றி என்னென்னவோ சொல்கிறார்கள். எனக்கு வாய்த்தவளைப் பற்றி நான் யாரிடமும் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னதில்லையே' என்று நினைத்தாள் மாஸ்டரம்மா.

"உடனே பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க" என்று டாக்டர் வைத்துவிட்டார்.

* * *

வண்டி ஓட்டக் கூடாது என்று உத்தரவு. ஆனால் வண்டியில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே? அதனால் மாஸ்டர் தினமும் டிரைவிங் ஸ்கூல் மைதானத்துக்கு வந்து, நிழலில் நிற்கும் பயிற்சிக் காரில் தன் இருக்கையில் உட்கார்ந்துகொள்வார். அதுதான் கற்றுக் கொடுப்பவருக்கென்று தனியாக ஒரு பிரேக் வைத்த இருக்கை. இன்றும் அப்படித்தான் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். ஆட்டோ வந்து நின்ற சத்தத்தில் விழித்துப் பார்த்தார். முதலில் மனைவி இறங்கினாள். கையில் ஃபிளாஸ்க் இல்லை. பின்னாலேயே மருமகள் இறங்கினாள். அவள் கையில் ஒரு பெட்டி இருந்தது.

மாஸ்டர் எதுவும் யோசிக்கவில்லை. நான்கு கதவுகளையும் பூட்டிக்கொண்டார்.

"மாமா, கதவைத் திறங்க."

மாஸ்டர் நேராக ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், ஏதோ ஹைவேயில் போய்க்கொண்டிருப்பதுபோல.

இந்தச் சின்னப்பிள்ளைத்தனத்துக்கு மாஸ்டரம்மாவிடம் மருந்து இருந்தது. ஆபீஸ் மேஜை டிராயரிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து வந்து, ஒரு வார்த்தை பேசாமல் கதவைத் திறந்தாள். மருமகள் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள். மாஸ்டரம்மா பின் இருக்கையில், அடுத்து ஓட்டப்போகிற மாணவர்கள் பயந்துகொண்டு உட்காரும் இடத்தில் ஏறிக்கொண்டாள்.

"ஃபிளாஸ்க் வாங்கப் போனவ டாக்டரை வாங்கிட்டு வந்திருக்கா" என்றார் மாஸ்டர், கையால் வாயை மறைத்தபடி.

"அத்தையைத் திட்டாதீங்க மாமா. ஒரே ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"அதான் பழைய டாக்டர்..."

"மாமா."

அந்த ஒரு வார்த்தையில் மாஸ்டர் நின்றுவிட்டார். வெளியே ரிவர்ஸ் பழக நட்டிருந்த கம்பங்களில் கட்டிய சிவப்புத் துணி காற்றில் ஆடியது. மருமகள் ஸ்டியரிங்கில் கை வைத்து, முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வந்த முதல் நாள் நீங்க சிரிச்சீங்க. நான் பார்க்கக் கூடாத இடத்தைப் பார்த்துட்டேன். ஈறு வீங்கி, பல்லை விட்டு விலகியிருந்துது. நீங்க சட்டுனு வாயை மூடிக்கிட்டீங்க. அதுக்கப்புறம் என் முன்னாடி நீங்க சிரிச்சதே இல்ல. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க?"

மாஸ்டரின் வலது கால் பிரேக்கை அழுத்தியது.

"அடுத்த நாளே சொல்லியிருக்கணும். புதுசா வந்த பொண்ணு மாமனார்கிட்ட போய் உங்க ஈறு சரியில்லைன்னு எப்படிச் சொல்றதுன்னு விட்டேன். அப்புறம் நாளாக ஆக, சொல்லவே முடியாமப் போச்சு. கிளினிக்குக்கு வர்றவங்களை அதட்டுவேன் மாமா. உங்ககிட்ட மட்டும் நாக்கு எழல. போன வாரம் பழைய டாக்டர்கிட்ட காட்டிட்டேன்னு நீங்க சொன்னப்ப, எனக்கு அப்பாடான்னு இருந்துது. எந்த டாக்டர், என்ன சொன்னார்னு ஒரு வார்த்தை கேட்கல. வேற யாரா இருந்தாலும் துருவித் துருவிக் கேட்டிருப்பேன்."

அவள் குரல் உடைந்தது. பின் இருக்கையில் மாஸ்டரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆக, இந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததே கிடையாது. மூன்று பேரும் ஒரே விஷயத்தை மூன்று மூலையில் உட்கார்ந்து காவல் காத்திருக்கிறார்கள்.

"நீ மனசுக்குள்ள சிரிச்சியோன்னு நினைச்சேன்" என்றார் மாஸ்டர். குரல் உள்ளே போயிருந்தது.

"அய்யோ! அது தொழில் பழக்கம் மாமா. ரோட்ல போற ஒவ்வொரு வண்டியிலயும் நீங்க முதல்ல டயரைத்தானே பார்க்கறீங்க? கிண்டல் பண்ணவா பார்க்கறீங்க?"

மாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கையை வாயிலிருந்து எடுத்து, இருக்கைக்குப் பக்கவாட்டில் இருந்த கொண்டியை இழுத்தார். இருக்கை பின்னால் சாய்ந்தது. அவர் தலை கிட்டத்தட்ட மாஸ்டரம்மாவின் மடிக்கு வந்துவிட்டது.

"கை தூக்கினா நிறுத்திடணும்."

"அந்த நிமிஷமே நிறுத்திடுவேன். குத்தவும் மாட்டேன், சுரண்டவும் மாட்டேன். இதய டாக்டர் சொல்லாம எதுவும் பண்ணக் கூடாது. பார்க்க மட்டும்தான் போறேன்."

அவர் வாயைத் திறந்தார்.

மருமகள் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு, சின்னக் கண்ணாடியால் கன்னத்தை மெல்ல விலக்கினாள். மாஸ்டரம்மா வாயைப் பார்க்கவில்லை. அது அவள் பார்த்துப் பழகிய வாய். அவள் மருமகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சுளிப்பு, ஒரு மூக்கு விடைப்பு, ஏதாவது ஒன்று வந்துவிடுமோ என்று பயந்தாள். வந்தால் இந்த மனுஷன் தாங்க மாட்டார். ஆனால் அந்த முகத்தில் கவலை இருந்தது, கவனம் இருந்தது. அருவருப்பு மருந்துக்குக்கூட இல்லை. தூக்கத்தில் இருக்கும் பிள்ளையின் காலில் முள் எடுக்கிறவள் மாதிரி அவ்வளவு பக்குவமாகப் பார்த்தாள். மாஸ்டரம்மாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மாஸ்டர் ஒரு தடவைகூடக் கை தூக்கவில்லை.

"போதும் மாமா" என்று விளக்கை அணைத்தாள் மருமகள். "கீழே ரெண்டு பல்லு இனிமே நிக்காது. கடைவாய்ல ஒரு இடத்துல சீழ் கட்டியிருக்கு. ஈறு சுத்தி வரப் புண்ணா இருக்கு. எக்ஸ்ரே எடுக்கணும். பல்லை எடுத்து, ஈறைச் சுத்தம் பண்ணி, கொஞ்சம் ஆற விடணும். இந்த வாயோட நாளைக்கு உள்ள போக முடியாது."

"இதைச் சரி பண்ணிட்டா நெஞ்சு சரியாயிடுமா?" சின்னப் பையன் மாதிரி ஆசையாகக் கேட்டார்.

"ஆகாது மாமா. பொய் சொல்ல மாட்டேன். சுருங்கின வால்வு சுருங்கினதுதான், அதை மாத்தித்தான் ஆகணும். ஈறு நல்லா இருந்தா மாத்தின வால்வுக்குப் பாதுகாப்பு. அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"அதுவரைக்கும் இது ஓடுமா?" நெஞ்சில் கை வைத்தார்.

"அதை இதய டாக்டர்தான் சொல்லணும்." மருமகள் போனை எடுத்தாள்.

இந்தத் தடவை ஸ்பீக்கர் இல்லை. அவள் பார்த்ததை மளமளவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் "ம்", "சரி சார்" என்றாள். திடீரென்று நிறுத்தினாள். போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிக்கொண்டு திரும்பினாள்.

"மாமா, இந்தக் கொஞ்ச நாள்ல காய்ச்சல், குளிர் ஏதாவது வந்துதா?"

"இல்ல" என்றார் மாஸ்டர்.

"ஆமா" என்றாள் மாஸ்டரம்மா.

இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. கல்யாணமான நாளிலிருந்து அடுத்தவர் முன்னால் அவர் சொன்னதை அவள் மறுத்துப் பேசியது கிடையாது. இப்போது வாய் தானாகத் திறந்துகொண்டுவிட்டது, மூடவும் முடியவில்லை.

"சாயங்காலமானா உடம்பு கொதிக்குதும்மா. குளிர்ல பல்லு தந்தியடிக்குது. அப்புறம் வேர்த்து, போர்வையைப் பிழியலாம் போல ஆயிடும். மாத்திரை போட்டா இறங்கிடும், மறுநாள் சாயங்காலம் மறுபடி வரும். மூணு வாரமா இதே கதைதான். அசதியில வர்ற காய்ச்சல்னு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கும் மாத்திரையைப் போட்டுட்டுத்தான் போனார். அவங்க கேட்டப்ப இல்லைன்னுட்டார்."

மருமகளின் முகத்தில் ரத்தமே இல்லை. போனைக் காதில் வைத்து, கேட்டதை அப்படியே சொன்னாள். அந்தப் பக்கம் பேசியதைக் கேட்டாள். "இப்பவே கிளம்பறோம் சார்" என்று வைத்தாள்.

"எங்க?" என்றார் மாஸ்டர்.

"ஆஸ்பத்திரிக்கு. நாளைக்கு வரைக்கும் காத்திருக்கக் கூடாதாம். ரத்தம் எடுத்துப் பார்க்கணும், வால்வை மறுபடி ஸ்கேன் பண்ணணும்." அவள் கை சாவியைத் திருகியது. "கிருமி ஏற்கெனவே அங்க போய் உட்கார்ந்துடுச்சோன்னு சந்தேகப்படறார். அத்தை, ரயில் ஏறாம நேரா கார்ல வந்துடச் சொல்லி அவருக்கு போன் போடுங்க."

மாஸ்டரம்மா மகனின் நம்பரைத் தேடினாள். முன் இருக்கை நிமிர்ந்தது. மாஸ்டர் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"டாக்டர் மறுபடி கேட்பார்" என்றார் மாஸ்டர். கை வாய்க்குப் போகவில்லை. "எல்லாத்துக்கும் நீயே பதில் சொல்லிடு. நான் சொன்னா குறைச்சுத்தான் சொல்லுவேன்."